கடலுக்கு வாடகை!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் போகிற தோழர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையில் கடல் பக்கத்திலேதான் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மதில் தெரிகிறது. மதிலின் நடுவே வாயில் தெரிகிறது. வாயிலிலே காவலாளி தெரிகிறார். கடல் அவருக்குப் பின்னால் இருக்கிறது. காண விரும்புகிறவர் காசு கொடுத்துக் காணலாம்!

இத்தகைய மதில்களுக்குள் எழும்புகிற உல்லாச விடுதிகள் சிலவற்றுக்கு இப்போது புதுப்பெயர் ஒன்று வழங்குகிறது. 'பூட்டிக் ஓட்டல்' என்கிறார்கள். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். பிரெஞ்சு மொழியில் பூட்டிக் என்றால் கடை, அவ்வளவுதான். 1984-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தின் நடுவே 'மார்கன்ஸ்' என்ற ஓட்டலைத் திறந்தவர்கள், மற்ற ஓட்டல்களைப் பேரங்காடிக்கும் தங்களுடையதைத் தேர்ந்தெடுத்த சரக்கு விற்கும் சிறு கடைக்கும் ஒப்பிட்டார்கள். அன்று பிடித்த பெயர் இன்று உலகெங்கும் பரவிவிட்டது. அறைகள் குறைவு; அலங்காரம் அதிகம்; வாடகையோ அலங்காரத்தையும் மிஞ்சியது! அதே 1984-இல்தான் மாமல்லபுரத்துச் சின்னங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலே சேர்த்தது. பெயர் அங்கே பிறந்தது. பெருமை இங்கே பெருகியது. இரண்டையும் சேர்த்து விற்க இடையிலே ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ஒருவர் நல்ல மெத்தையில் படுத்தால் நமக்கென்ன வயிற்றெரிச்சலா? இல்லை. உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டும் என்று முதலில் முழங்கியவர்களே நாம்தான். 1923 மே முதல் நாள், சென்னைக் கடற்கரை மணலிலே நின்று இந்திய மண்ணில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியவர் சிங்காரவேலர். மீனவர் குடும்பத்திலே பிறந்தவர் அவர். எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்பது மே தினத்தின் உயிர். ஆகவே ஓய்வை நாம் பழிக்கவில்லை. அந்த ஓய்வை எவருடைய சொத்தைக் கொண்டு, எவருடைய முதுகின்மேல் கட்டி, எவருக்கு விற்கிறார்கள் என்றுதான் கேட்கிறோம்.

விற்கப்படும் சரக்கைப் பார்ப்போம். முதல் சரக்கு கடற்கரை. அதை எந்த முதலாளியும் செய்து கொண்டுவரவில்லை. 1996 டிசம்பர் 13-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தோழர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் ஓர் ஓட்டல் நிறுவனம் ஆற்றின் போக்கையே திருப்பப் பார்த்த வழக்கு அது. ஆறும் காடும் கடற்கரையும் மக்களுக்காக அரசிடம் உள்ள அறக்கட்டளைச் சொத்து. தனியாருக்குத் தாரை வார்க்க அரசுக்கே உரிமை கிடையாது என்று சொல்லி, ஓட்டலுக்குக் கொடுத்த குத்தகையை நீதிமன்றம் ரத்துச் செய்தது. கேரளத்திலே வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்துத் தீவில் விதியை மீறி எழுந்த உல்லாச விடுதியை இடிக்கச் சொல்லி 2020-இல் அதே நீதிமன்றம் ஆணையிட்டது. 2022-இல் இடிப்பு தொடங்கியது. ஆகவே, கட்டியாகிவிட்டதே, இனி என்ன செய்வது என்ற சாக்கு செல்லாது.

கரை சம்பந்தமான சட்டம் எப்படி நெளிகிறது என்பதையும் பாருங்கள். 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊர்ப்புறக் கரைகளில் அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டரைக் கட்டடம் எழும்பாத பகுதி என்று வகுத்தது. 2019 ஜனவரி 18-இல் வந்த புதிய அறிவிக்கையோ, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் அந்த 200 மீட்டரை 50 மீட்டராகச் சுருக்க வழி திறந்தது. இருநூறு ஐம்பதானது!

மீனவனுக்கு மட்டும் இந்த இருநூறு எப்படிப் பேசியது தெரியுமா? 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. 2005 மார்ச்சில் தமிழக அரசு 172-ஆம் எண் அரசாணையைப் பிறப்பித்தது. 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் கடலை விட்டு அப்பால் போனால் ஒன்றரை லட்ச ரூபாயில் புதுவீடு. போக மறுத்தால் பழைய இடத்திலே சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசின் உதவி மட்டும் கிடையாது. உயிரைக் காக்கத்தானே சொன்னார்கள் என்பார்கள். இருக்கட்டும். அலைக்கு மீனவன் வீடு வேறு, சீமான் விடுதி வேறு என்று தெரியுமா? கரை ஆபத்து என்றால் எல்லோருக்கும் ஆபத்து. கரை அழகு என்றால் எல்லோருக்கும் அழகு. வலை காயவைக்கவும், படகை ஏற்றிவைக்கவும், கரைவலை இழுக்கவும் மணல் வேண்டியவன் பின்வாங்க வேண்டும். சாய்வு நாற்காலி போட மணல் வேண்டியவன் முன்னேற வேண்டும் என்றால், அதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல, பாரபட்சம்!

கோவளத்திலே 1974-இல் திறக்கப்பட்ட பெரிய விடுதிக்கு 'பிஷர்மேன்ஸ் கோவ்' என்று பெயர். மீனவர் குடா என்று பொருள். பெயர்ப்பலகையில் மீனவர் இருக்கிறார்! 2019 அக்டோபர் 11, 12 நாட்களில் சீன அதிபர் ஷி சின்பிங்கும் பிரதமர் மோடியும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, பிரதமர் தங்கியது அங்கேதான். மறுநாள் காலையில் கடற்கரையிலே அவர் குப்பை பொறுக்கிய காட்சி நாடெங்கும் காட்டப்பட்டது. பொறுக்கிய குப்பையை ஓட்டல் ஊழியர் ஒருவரிடம் ஒப்படைத்ததாக அவரே எழுதினார். நல்லது. ஆனால் அந்தப் பையை வாங்கிக்கொண்ட கைதான் அன்றாடம் வேலை செய்கிறது! அந்தக் கைக்கு என்ன கூலி, எத்தனை மணி வேலை என்று எந்தக் காமிராவும் கேட்கவில்லை.

இரண்டாவது சரக்கு கல். விடுதியின் முகப்பிலே கருங்கல் நந்தி, தோட்டத்திலே கல்விளக்கு. செதுக்கியவர் யார்? 1957-இல் அரசு சிற்பக் கலைப் பயிற்சிக்கூடம் தொடங்கிய ஊர் இது. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு கல்லுக்குக் கிடைத்தது. கல் தூசியோ சிற்பத் தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகிறது. முகக் கவசமும் மருத்துவப் பரிசோதனையும் தராமல் சிற்பத்தை மட்டும் விலைபேசுகிறவர்களைக் கலை ரசிகர்கள் என்று நாம் அழைக்க மாட்டோம்.

மூன்றாவது சரக்கு பொதுச்சொத்து. மாமல்லபுரத்திலே இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமாக 'டெம்பிள் பே அசோக்' என்னும் கடற்கரை விடுதி இருந்தது. மக்கள் வரிப்பணத்தில் நடந்தது. 2001-02-இல், வாஜ்பாய் ஆட்சியின் பங்கு விற்பனைப் படலத்தில், அது தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அதே படலத்தில் மதுரை அசோக் ஓட்டலும் போயிற்று. விடுதி நடத்துவது அரசின் வேலையா என்று கேட்டார்கள். சீமானுக்கு விடுதி நடத்துவது அரசின் வேலை அல்ல என்பது சரி. பாட்டாளி குடும்பத்தோடு கடல் பார்க்க வந்தால் ஓர் இரவு தங்க இடம் தருவது யாருடைய வேலை?

இனி வரிக் கணக்குக்கு வருவோம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரி இல்லை. 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 28 சதவீதம். 2019 அக்டோபரில் மேல்தட்டு அறையின் வரியை 18 சதவீதமாக இறக்கினார்கள். 2022 ஜூலையில் 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறையின் மேல் 12 சதவீதத்தை ஏற்றினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கெல்லாம் 5 சதவீதம் என்று அறிவித்து, பாரத்தைக் குறைத்தோம் என்று மார்தட்டினார்கள். கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஏழையின் அறை சூனியத்தில் தொடங்கி ஐந்தில் நிற்கிறது. சீமானின் அறை இருபத்தெட்டில் தொடங்கிப் பதினெட்டில் நிற்கிறது. ஒருவனுக்கு ஏற்றம், ஒருவனுக்கு இறக்கம்!

செங்கற்பட்டு அரசு மருத்துவமனையிலே உறவினரைச் சேர்த்துவிட்டு, வெளியே மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் துண்டை விரித்துப் படுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். பேருந்து நிலையத்துப் பக்கத்து லாட்ஜிலே ஓர் அறை எடுக்கலாமா என்று பையைத் தடவிப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அவர்கள். 2025-26-ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாட்கூலி 336 ரூபாய். 7,500 ரூபாய் அறையின் ஓர் இரவு, அந்தத் தொழிலாளிக்கு இருபத்திரண்டு நாள் உழைப்புக்கும் மேல்!

"ஓட்டல் வந்தால் வேலை வருமே" என்று கேட்கிற தோழர்கள் நம்மிடையே உண்டு. நியாயமான கேள்வி. வேலை வருகிறது, மறுக்கவில்லை. 2022-இல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றிலே நடந்தபோது உலகமே இங்கு வந்தது, ஊருக்குப் பெருமைதான். ஆனால் வருகிற வேலை எப்படிப்பட்டது? காண்டிராக்ட் மூலம் ஆள் எடுப்பது, சீருடைக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம், விருந்தினர் கூடினால் மணிக்கணக்குக் கூடும், கூலி கூடாது என்றால், அது வேலையா, வேட்டையா? ஒரிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து விரிப்பு மாற்றுகிற தம்பிகளைக் காட்டி உள்ளூர்த் தொழிலாளியை மிரட்டுவார்கள். உள்ளூரானைக் காட்டி அவர்களை மிரட்டுவார்கள். இருவர் கூலியையும் குறைக்கிற கை ஒன்றே என்பதை மறந்துவிடக் கூடாது.

உணவு விடுதித் தொழிலாளரின் வேலை நேரத்தையும் ஓய்வையும் விடுமுறையையும் ஒழுங்குபடுத்த 1958-இலேயே நம் மாநிலத்தில் தனிச்சட்டம் வந்தது. 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு விதித்தது. ஓட்டல் முகப்பிலே சிரித்த முகத்தோடு மணிக்கணக்கில் நிற்கிற பெண்ணுக்கும் கால் உண்டு. கால் வலியும் உண்டு. 2025 நவம்பர் 21-இல் 29 சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக மத்திய அரசு அமுலாக்கியபோது, நிலையாணைகளுக்கான வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300-க்கு உயர்ந்தது. இருபது, முப்பது அறை கொண்ட பூட்டிக் ஓட்டல் அந்த வரம்பின் பக்கம்கூட வராது. சின்ன ஓட்டல் என்பது விருந்தினருக்கு அழகு, முதலாளிக்கு வசதி, தொழிலாளிக்குத் தனிமை!

ஆனால் ஒன்று இன்னும் நம் கையிலே இருக்கிறது. தொழிற்சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும் என்று 1926-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. புதிய தொகுப்பிலும் அந்த ஏழு நிற்கிறது. நாற்பது பேர் வேலை செய்கிற விடுதியிலே ஏழு பேர் கிடைக்க மாட்டார்களா?

நம் கோரிக்கைகள் எளியவை. விடுதிக்கு விடுதி நடுவே மக்கள் கடலுக்குப் போகும் பாதை திறந்திருக்க வேண்டும். படகுக்கும் வலைக்கும் உரிய மணல் மீனவர் கையிலேயே இருக்க வேண்டும். ஓட்டல் தொழிலாளிக்குச் சட்டப்படியான கூலி, ஓய்வு, இருக்கை வேண்டும். மாமல்லபுரத்திலே தன் கடற்கரை விடுதியை நடத்துகிற தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், தொழிலாளர் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் அறை ஒதுக்க வேண்டும். செங்கற்பட்டு மருத்துவமனையின் அருகே நோயாளிகளின் உறவினர் தங்க அரசு விடுதி வேண்டும்.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் ஊர்க் கரைக்குப் போய், எந்தப் பாதை மூடியிருக்கிறது, எந்த விடுதியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்ன கூலி வாங்குகிறார்கள் என்று கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கோடு மாவட்ட ஆட்சியரிடம் போவோம். கடலை எவனும் கட்டவில்லை; அதற்கு வாடகை வசூலிக்க எவனுக்கும் உரிமை இல்லை!