யாருடைய ஒற்றுமை?

போன மாதம் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் கருத்தரங்கு. "போட்டிப் பொருளாதாரம் பூமியை அழித்துவிட்டது. நம் முன்னோர் ஒற்றுமையாகக் கண்மாயைக் காத்தார்கள். குடிமராமத்துக்குத் திரும்புவோம்" என்றார் பேசியவர். ஒரே கைத்தட்டல். முதல் வரிக்கு நானும் தட்டினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 500 அடி போர் போட்டால் இவர் 700 அடி போடுகிறார். கடைசியில் இரண்டுமே காற்றைத்தான் கக்குகின்றன. அந்தப் போட்டியிலும் நமக்கு இடமில்லை என்பது வேறு கதை. சேரிக்காரர் டீக்கடை போட்டால் எத்தனை ஊரில் வந்து குடிக்கிறார்கள்?

அந்த "ஒற்றுமை"தான் தொண்டையில் சிக்குகிறது. தோழர்களே, மடையைத் திறந்து அடைத்தது யார்? பல ஊர்களில் நீர்க்கட்டி நம் ஆள். கழுத்தளவு தண்ணீரில் முங்கி மடை திறப்பார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவருக்கு அத்துப்படி. கூலி, அறுவடையில் சில மரக்கால் நெல். அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம் இருக்காது. கரை உடைந்தால் மண் சுமக்கக் கூப்பிடுவார்கள், செத்த மாட்டைத் தூக்கக் கூப்பிட்ட அதே குரலில். இன்று "வெட்டி" என்றால் பயனற்றது என்கிறோம். அன்று அது கூலியில்லாத கட்டாய வேலையின் பெயர். எல்லோரும் மனமுவந்து வந்திருந்தால் 1858இல் மதராஸ் மாகாணத்தில் கட்டாய உழைப்புக்கென்று ஒரு சட்டம் எதற்கு?

பழைய கதை என்பார்கள். 2017இல் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது வேலை யார் கைக்குப் போனது? ஆயக்கட்டு விவசாயிகள் சங்கங்களுக்கு. நிலமில்லாதவர் அதில் உறுப்பினரே இல்லை; மண்வெட்டி பிடிக்க மட்டும் வரலாம்.

பொதுவளத்தை மக்களே காக்க முடியும் என்று காட்டி 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமை இந்த மேடைகளில் தவறாமல் சொல்கிறார்கள். விதிக்குக் கட்டுப்படுகிறவர்களுக்கு அந்த விதியை மாற்றுவதிலும் பங்கு வேண்டும் என்று அவர் எழுதியதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கூட்டுழைப்பு நமக்கும் வேண்டும், பங்காளியாக. 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலம் திரும்ப வரட்டும். கண்மாய் மீன் ஏலத்திலும் கருவேல மர ஏலத்திலும் வண்டல் மண்ணிலும் சேரிக்குப் பங்கு எழுதப்படட்டும். அடுத்த கருத்தரங்கில் ஒருவர் குடிமராமத்தைப் புகழ்ந்தால் எழுந்து கேளுங்கள்: உங்கள் ஊர்ச் சங்கத்தில் நீர்க்கட்டி குடும்பத்திலிருந்து யாருக்கு ஓட்டு இருக்கிறது?