நீரற்ற நிலத்தில் நான்கு நாட்கள்



ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானா நாட்டில், மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தில் நான்கு நாட்கள் தங்கும் வாய்ப்பு ஒரு ஜூலை மாதத்தில் நமக்குக் கிட்டிற்று. மவுன் நகரில் வண்டியோட்டி முதன்முதல் வாங்கியது அரிசியன்று, ரொட்டியன்று, தண்ணீர். நால்வருக்கு 120 லிட்டர்! மலைத்து நின்ற நம்மைப் பார்த்து, “உள்ளே உங்களுக்கென்று ஒரு சொட்டும் கிடையாது” என்றார்.

ராகோப்ஸ் என்னும் சிற்றூருக்கு அப்பால் மணற்பாதைதான். டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு ஊர்ந்தோம். காப்பகத்தின் பரப்பு சுமார் 52,800 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலத்தினும் பெரிது. அதன் வடபகுதியில் ‘ஏமாற்றுப் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் பெயருடைய இடம் ஒன்றுண்டு. பழங்காலத்து ஆறு ஒன்றின் வறண்ட படுகை அது. தொலைவில் நீர் தேங்கி மின்னுவதுபோல் தோன்றும். நெருங்கினால் வெடித்த களிமண். பெயரை அறிந்திருந்தும் நாம் ஏமாந்தோம்.

நேரான நீண்ட கொம்புகளையுடைய கெம்ஸ்பாக் என்னும் மான், நாட்கணக்கில் நீரருந்தாமல், சம்மா எனப்படும் காட்டுத் தர்ப்பூசணியைத் தின்றே அங்கு வாழ்கிறது. கூடாரங்களைச் சுற்றி வேலி கிடையாது. இரவில் சிங்கம் கர்ச்சித்தது. எவரும் கண்ணயரவில்லை, ஆயினும் காலையில், நன்றாய் உறங்கியதாகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். வாளித் தண்ணீரின்மேல் மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருந்தது.

நிற்க. அந்நிலம் விலங்குகளுக்கு மட்டும் உரியதன்று. 1961-ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில் இக்காப்பகம் அமைக்கப்பட்டபோது, அங்கே வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த சான் மக்களின் வாழ்விடத்தைக் காப்பதும் அதன் நோக்கமாயிருந்தது. ஈரமணலில் நாணற்குழலைச் செருகி நீரை உறிஞ்சி, தீக்கோழி முட்டையோட்டில் சேமித்து வைக்கக் கற்றவர்கள் அம்மக்கள். 1997-லும் 2002-லும் அரசு அவர்களை வெளியே குடியேற்றிற்று. மொத்தோமெலோ என்னும் குடியிருப்பிலிருந்த ஆழ்குழாய்க் கிணறும் 2002-இல் செயலிழக்கச் செய்யப்பட்டது.

அவர்கள் வழக்காடினார்கள். வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரும்பிச் சென்றவர்களுக்கோ நீர் இல்லை! விலங்குகளுக்கென ஆழ்குழாய்க் கிணறுகள் அதே காப்பகத்தில் இருந்தன. மனிதர்கள் தண்ணீருக்காக மற்றொரு வழக்கைத் தொடர வேண்டியதாயிற்று. 2010-இல் தோற்று, 2011 ஜனவரியில் மேல்முறையீட்டில் வென்றார்கள். தங்கள் செலவிலேயே கிணறு தோண்டிக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு.

இதற்குப் பின்னரும் ஒரு துயரம். 2021-இன் இறுதியில் இறந்த முதியவர் ஒருவரை அவர்தம் முன்னோரின் மண்ணிலேயே அடக்கம் செய்யக் குடும்பத்தார் விரும்பினர். அதிகாரிகள் மறுத்தனர், நீதிமன்றங்களும் கைவிரித்தன. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவரது உடல் பிணவறையிலேயே கிடந்தது. 2024-இல் ஆட்சி மாறிய பிறகே, புதிய குடியரசுத் தலைவரின் இசைவால், அவர் தம் மண்ணைச் சேர்ந்தார். எத்தனையோ அடக்கச் சடங்குகளை நடத்தி வைத்த நமக்கு, அச்செய்தி நெஞ்சை அழுத்திற்று.

நான்காம் நாள் வாயிலருகே வந்தபோது, இரண்டு கேன்களில் தண்ணீர் மீந்திருந்தது. சுமையைக் குறைக்கலாமே என்று நம்முடன் வந்த ஒருவர் ஒரு கேனின் மூடியைத் திருகினார். வண்டியோட்டி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. மூடியை இறுக்கி, கேன்களைத் தம் இருக்கையின் பின்னால் பத்திரமாய் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார்.