சட்ட நூலகத்தில் தமிழ் மாணவன்

தமிழ்மொழி மூலம் சட்டம் கற்கும் மாணவன் ஒருவன் தேசவழமை பற்றிக் குறிப்பெடுக்கக் கொழும்பில் ஒரு சட்ட நூலகத்துக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்ட விதி அவனுக்குத் தெரியும். நீதிமன்றங்கள் அவ்விதிக்கு என்ன பொருள் கொண்டன என்றறிய 'நியூ லோ றிப்போர்ட்ஸ்' தொகுதிகளையே புரட்டவேண்டும். அவை ஆங்கிலத்தில் உள்ளன. எச்.டபிள்யூ. தம்பையா யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்கள் பற்றி எழுதிய பெருநூலும் ஆங்கிலமே.

1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தார். அதனைத் தமிழில் பெயர்ப்பித்து, 12 முதலியார்களிடம் காட்டியே ஒப்புதல் பெற்றார்கள். அந்நியனுக்கு இருந்த அந்த அக்கறை நமக்கில்லை.

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதிகள் 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். (நானுந்தான்.) தமிழில் விடை எழுதும் உரிமையைக் காத்தோம், எதைப் படித்து எழுதுவது என்று கேட்டோமில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. உயர் நீதிமன்றத்தில் வாதாட அது வேண்டும். அதுவரை அவனைக் கைப்பிடித்து நடத்துவது நூலகத்தின் கடன். தீர்ப்பொன்றை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது என்று முதல் மாதத்திலேயே நூலகர் பழக்கவேண்டும். முக்கிய தீர்ப்புகளுக்கு மூத்த மாணவர்கள் தமிழ்ச் சுருக்கம் எழுதட்டும், விரிவுரையாளர் திருத்தட்டும், அத்தொகுதிகளின் பக்கத்திலேயே ஒரு கோப்பில் இருக்கட்டும். பெரும் பணம் தேவைப்படும் காரியமன்று. தேசவழமைத் தீர்ப்புகளிலிருந்தே தொடங்கலாம்.