பந்து எங்க கையில, தீர்ப்பு உங்க கையிலயா?

எஸ். வெங்கட்ராகவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம்ம பத்திரிகைக்காரர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். சென்னைக்காரர், கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர், 1965இல் 19 வயதில் டெஸ்ட் ஆட வந்தவர், 57 டெஸ்டில் 156 விக்கெட் எடுத்தவர், 1975, 1979 உலகக் கோப்பைகளில் கேப்டன். ஆடி ஓய்ந்தபிறகு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டில் அம்பயராக நின்றவர். எல்லாம் உண்மை. அவர் விரல் நேர்மையானது என்று உலகமே ஒத்துக்கொண்டது, நானும் ஒத்துக்கொள்கிறேன். என் சண்டை அவரோடு இல்லை. ஆடினவன் ஒருநாள் தீர்ப்புச் சொல்லவும் வரலாம் என்கிற அந்தப் பாதை யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைத்திருந்தது? அதுதான் கேள்வி.

வெங்கட் முதன்முதலாக டெஸ்டில் அம்பயர் நின்ற அதே 1993இல்தான் எங்க ஊரிலும் ஒருத்தர் அம்பயர் நின்றார். என் பெரியப்பா மகன்.

திருவண்ணாமலை மலைக்குப் பின்பக்கம், கிரிவலம் வருகிற கூட்டத்தின் கண்ணில் படாத ஒரு ஏரி. கோடையில் வத்திப்போனால் அதுதான் எங்களுக்கு கிரவுண்டு. கருவேலங்குச்சிதான் ஸ்டம்பு. சேரியில் வேகமாகப் பந்து போடுகிறவன் நான். பக்கத்து ஊரோடு மேட்ச் என்றால் ஊர்ப் பசங்களே வந்து, "வாடா, பந்து போடு"ன்னு கூட்டிக்கினு போவாங்க. பந்து போட என் கை தீட்டில்லை. தாகம் எடுத்தால் மட்டும் குடம் தீட்டு. ஒருத்தன் மேலே இருந்து ஊற்றுவான், நான் கையேந்திக் குடிப்பேன்.

ஒருநாள் ஊருக்கும் சேரிக்கும் பந்தய மேட்ச். பேட்டிங் பண்ணுகிற பக்கம்தான் அம்பயர் தரவேண்டும், தமிழ்நாடு முழுக்க உள்ள தெருச் சட்டம் அது. நாங்க பேட்டிங். அண்ணன் போய் நின்றார். மூணாவது ஓவரில் நான் ரன் அவுட். அண்ணன் யோசிக்கவே இல்லை, விரலைத் தூக்கிட்டார். சொந்தத் தம்பிக்கே அவுட் கொடுத்த மனுஷன்! கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கேட்ச். தரையில் பட்டு வந்தது, எல்லாரும் பார்த்தோம். ஊர்ப் பசங்க "அவுசாட்"டுன்னு கத்தினாங்க. அண்ணன் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், ஸ்டம்பைப் பிடுங்கிட்டாங்க. "சேரிக்காரன் சொல்லி நாங்க கேக்கறதா?" எனக்கு அவுட் கொடுத்தபோது அந்த விரல் சேரி விரலாகத் தெரியவில்லை பாருங்கள்.

அன்றைக்குச் சாயந்திரம் பெரியப்பாவை அவர் வேலை செய்த நிலத்துக்காரர் வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டாங்க. துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எதுக்கு? மகன் அம்பயர் நின்னதுக்கு.

இது கிராமத்துப் பசங்க சண்டை, இதையெல்லாம் கிரிக்கெட்டோடு முடிச்சுப் போடாதே என்பார்கள் நம்ம முற்போக்கு நண்பர்கள். பல்வங்கர் பாலுவின் கதை தெரியுமா அவர்களுக்கு? சமார் சாதியில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரன் கிளப்பில் மைதானம் பராமரித்த கூலியாள். மணிக்கணக்காகத் துரைகளுக்குப் பந்து போட்டார், ஒருமுறைகூட மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, விக்கெட் வேண்டுமே! ஆனால் டீ வெளியே, மண் குவளையில். 1911இல் இங்கிலாந்துக்குப் போய் 114 விக்கெட் எடுத்துத் திரும்பியவருக்கும் கேப்டன் பதவி இல்லை. 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் அது வாய்த்தது. (1937 தேர்தலில் காங்கிரஸ் அதே பாலுவை பாபாசாகேப் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தித் தோற்றது. அது தனியாக எழுதவேண்டிய வயிற்றெரிச்சல்.) புனாவின் மண் குவளைக்கும் எங்க ஏரிக் குடத்துக்கும் நடுவே எண்பது தொண்ணூறு வருஷம். இடைவெளி அவ்வளவுதான்.

கிரிக்கெட் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பந்துவீசும் தரப்பு முறையிடாமல் அம்பயர் அவுட் கொடுக்க முடியாது. கேட்டால்தான் தீர்ப்பு. நாம கேட்டபோது என்ன கிடைத்தது? அடிதான். எங்க மாவட்டத்துத் தென்முடியனூரில் மாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் கால்வைக்க சுமார் எண்பது வருஷம் ஆனது. 2023 ஜனவரி 30 அன்று, அதுவும் போலீஸ் காவலோடு. அத்தனை வருஷமும் அங்கே அம்பயர் யாரு? எதிர் டீம்தான்.

ஆனால் கிரிக்கெட்டை ஆளுகிறவர்களுக்கு இந்த நியாயம் தெரியாமல் இல்லை. சொந்த நாட்டு அம்பயரை நம்பமுடியாது என்று 1994 முதல் டெஸ்டுக்கு ஒரு பொது அம்பயர் வைத்தார்கள், 2002 முதல் இரண்டு பேருமே பொது. கொரோனா காலத்தில்தான் கொஞ்சம் தளர்த்தினார்கள். வெங்கட்டை இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதுகிற ஆஷஸில் நிற்கவைத்ததே இந்த நியாயம்தான். நாட்டுக்கு நாடு சந்தேகப்படத் தெரிந்தவர்களுக்குத் தெருவுக்குத் தெரு சந்தேகப்படத் தெரியாதா?

இங்கிலாந்தில் ஒரு கறுப்பர் கேட்டார். பார்படாசில் பிறந்த ஜான் ஹோல்டர். ஹாம்ப்ஷயருக்கு ஆடியவர், 11 டெஸ்டில் அம்பயர் நின்றவர். 1992க்குப் பிறகு முதல்தர அம்பயர் பட்டியலில் வெள்ளையர் அல்லாத ஒருவரைக்கூட ஏன் சேர்க்கவில்லை, விசாரணை வை என்று 2020இல் வாரியத்தைப் பார்த்துக் கேட்டார். நிறம் கண்ணுக்குத் தெரியும், எண்ணிவிடலாம். இங்கே சாதியை எண்ணக் கேட்டால் "விளையாட்டில் சாதியைக் கொண்டுவராதீங்க" என்று நமக்கே உபதேசம்.

அண்ணன் அந்த வருஷமே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டார். போன சித்திரையில் வந்திருந்தார். ஏரியில் பசங்க ஆடிக்கினு இருந்தாங்க. ரொம்ப நேரம் கரையிலேயே நின்னார். "இன்னாண்ணா, போய் அம்பயர் நில்லேன்"னு கேலியாகத்தான் சொன்னேன். சிரிக்கல.

மாநிலச் சங்கத்தையும் மாவட்டச் சங்கங்களையும் நான் கேட்கிறது இதுதான்: இதுவரைக்கும் அம்பயர் தேர்வு எழுதினவர்கள் எத்தனை பேர், தேறினவர்கள் எத்தனை பேர், நிற்கவைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அதில் சேரியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? பட்டியலை வெளியே போடுங்கள். அவுசாட்!