குணமானோர் பட்டியலில் இருக்கும் நோயாளிகள்

பெருந்தொற்றுக் காலத்தில் சுகாதாரத் துறை நாள்தோறும் வெளியிட்ட அறிக்கையில் மக்கள் தேடியது மூன்று எண்களைத்தான்: புதிய தொற்று, இறப்பு, குணமாகி வீடு திரும்பியோர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 36 லட்சம் பேருக்குத் தொற்று உறுதியானது. 38 ஆயிரம் பேர் இறந்தார்கள். மற்ற அத்தனை பேரும் மூன்றாவது எண்ணுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அதோடு கணக்கை மூடிவிட்டோம்.

மூடியது தவறு. தொற்று தொடங்கி மூன்று மாதம் கடந்தும் உடல் பழைய நிலைக்குத் திரும்பாதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வேறு காரணம் காட்ட முடியாத அறிகுறிகள் குறைந்தது இரண்டு மாதம் நீடித்தால் அது தனி நோய்நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. நீடித்த கோவிட் என்று நாம் சொல்வது அதைத்தான். அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் சியாத் அல்-அலியும் சக ஆய்வாளர்களும் 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் இதுவரை சுமார் 40 கோடிப் பேர் இதை ஏதோ ஒரு கட்டத்தில் அனுபவித்திருக்கிறார்கள். இவர்களில் பலர் தேறிவிட்டார்கள். தேறாதவர்களின் நிலைதான் கேள்வி.

அவர்கள் சொல்லும் புகார்கள் மேலோட்டமாகக் கேட்பவருக்குப் புகாராகவே தெரியாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குளித்துவிட்டு வந்தால் படுக்க வேண்டியிருக்கிறது. எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறது. பேச வந்த சொல் பாதியில் மறந்துபோகிறது. காலையில் எழும்போதே அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. நோயாளிகளே ஆய்வாளர்களாகி 56 நாடுகளில் 3,762 பேரிடம் கேட்டு 2021-ல் வெளியிட்ட ஆய்வு, 203 அறிகுறிகளைப் பதிவு செய்தது. பத்து உறுப்பு மண்டலங்களில் சிதறிக் கிடக்கும் ஒரு நோயை எந்தத் துறை மருத்துவரிடம் கொண்டுபோவது?

இந்திய அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 அக்டோபரிலேயே கோவிட்டுக்குப் பிந்தைய பாதிப்புகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. இதயம், நுரையீரல், சிறுநீரகம், நரம்பு என்று உறுப்புவாரியாகப் பிரித்து எழுதப்பட்ட ஆவணம் அது. இ.சி.ஜி. சரி, எக்கோ சரி, ஸ்கேன் சரி, ரத்தப் பரிசோதனையும் சரி என்று வருகிறவர் அந்தப் பிரிவுகளுக்கு நடுவே விழுந்துவிடுகிறார். ‘எல்லாம் நார்மல்’ என்ற சொல்லோடு அவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். வீட்டில் அது ‘மனசுதான் காரணம்’ ஆகிறது. பெண்ணாக இருந்தால் ‘வேலைக்குச் சோம்பல்’ என்றும் ஆகிறது. ஆண்களைவிடப் பெண்களை அதிகம் தாக்கும் நோய் இது என்பதையும், மூன்று வேளைச் சமையலுக்கு மருத்துவ விடுப்பு கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சோதனையில் சிக்காத நோயை மனநோய் என்று தள்ளுவது புதிதல்ல. 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஊழியர்கள் 292 பேர் விளங்காத ஒரு நோயில் விழுந்தார்கள்; மருத்துவமனையையே சில மாதங்கள் மூட வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்பேடுகளை மட்டும் புரட்டிப் பார்த்து, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் சான்றாகக் காட்டினார்கள். நோயாளிகளை நேரில் கண்டு பேச வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. வைரஸ் தாக்கிய பின் நீடிக்கும் சோர்வுநோய் அந்த முத்திரையிலிருந்து மீளப் பல பத்தாண்டுகள் ஆயின.

நமக்கோ இதைப் புரிந்துகொள்ள லண்டன் வரை போக வேண்டியதில்லை. 2006-ல் சிக்குன்குனியா நாடு முழுவதும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியதாகக் கணக்கு. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. மூட்டுவலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நின்றது. கைப்பிடியைப் பிடிக்காமல் படியிறங்க முடியாதவர்களைத் தெருவுக்குத் தெரு பார்த்தோம். யாரும் அவர்களிடம் ‘மனசுதான் காரணம்’ என்று சொல்லவில்லை. வீங்கிய மூட்டு கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

கண்ணுக்குத் தெரியாதது இப்போது நுண்ணோக்கியில் தெரியத் தொடங்கியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் நீடித்த கோவிட் உள்ள 25 பேரையும் நலமாக இருந்த 21 பேரையும் சைக்கிள் மிதிக்க வைத்து, முன்னும் பின்னும் தொடைத் தசையிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையில் மிதித்த பிறகு சிதைவு கூடியிருந்தது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா மந்தமாகியிருந்தது. 2024 ஜனவரியில் வெளியான இந்த முடிவு ஒரு நடைமுறை உண்மையைச் சொல்கிறது: ‘கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகு, சரியாகிவிடும்’ என்ற நல்லெண்ண அறிவுரை சிலரைப் படுக்கையில் தள்ளும். இன்று முடிந்தது என்று இரண்டு கிலோமீட்டர் நடப்பார். நாளையோ மறுநாளோ எழ முடியாது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், நாட்பட்ட சோர்வுநோய்க்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை 2021-ல் கைவிட்டதும் இதுபோன்ற அனுபவங்களுக்குப் பிறகுதான்.

அதற்காக எல்லோரையும் படுக்கச் சொல்லவும் கூடாது. மருத்துவமனையில் சேர்ந்து மீண்ட 585 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வில், எட்டு வார இணையவழிப் பயிற்சி வாழ்க்கைத் தரத்தைச் சற்று உயர்த்தியது. யாருக்கு உழைப்புக்குப் பின் சரிவு வருகிறது என்று முதலில் கேட்டுவிட்டுப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். வருகிறவர்களுக்கு வேண்டியது, களைப்பதற்கு முன்பே ஓய்வெடுத்து, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யும் ஒழுங்கு. மருந்துக் கடையில் கிடைக்காத சிகிச்சை என்பதாலோ என்னவோ, இதை விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

செலவில்லாமல் கண்டுபிடிக்கக்கூடியதும் உண்டு. நோயாளியைப் படுக்க வைத்து நாடித்துடிப்பைக் குறித்துக்கொண்டு, பிறகு பத்து நிமிடம் சுவரில் சாய்த்து நிற்க வைத்துப் பார்த்தால் போதும். பெரியவர்களுக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நீடித்தால், அந்தப் படபடப்புக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, பல நேரம் நிவாரணமும் இருக்கிறது: கூடுதல் உப்பும் தண்ணீரும், அழுத்தக் காலுறை, தேவையானால் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. துடிப்பை அளக்க, 2021-ல் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது. மோப்பம் போனவர்களுக்கு ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் மணங்களைக் காலையும் மாலையும் நுகரச் செய்யும் பயிற்சி ஜெர்மனியில் உருவானது. சிலருக்கு ஓரளவு உதவுகிறது.

நோயையே வேரோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 155 பேர் பங்கேற்ற ஆய்வில் பாக்ஸ்லோவிட் மாத்திரையை 15 நாள் கொடுத்துப் பார்த்தும் பலனில்லை. தடுப்பதற்கு வழி இருக்கிறது: தடுப்பூசி ஆபத்தைக் குறைக்கிறது. தொற்றின் தொடக்கத்திலேயே மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்ட, உடல் எடை கூடியவர்களில் நீடித்த கோவிட் 10.4 சதவீதத்திலிருந்து 6.3 சதவீதமாகக் குறைந்ததாக ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஏற்கெனவே நோயில் இருப்பவருக்கு இவற்றால் ஆறுதல் இல்லை. அவருக்குக் கைவசம் உள்ள முதல் மருந்து ஓய்வு. கூலிக்கு உழைப்பவருக்கு ஓய்வு என்பது பணம்.

அரசு கைவைக்க வேண்டிய இடம் இதுதான். இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கிறது. காசநோய், தொழுநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு அதன் பிறகும் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீள்கிறது. அந்த 34-ல் நீடித்த கோவிட் இல்லை. கோவிட்டால் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதத்தை ஓய்வூதியமாகக் கொடுக்க அதே இ.எஸ்.ஐ. கழகம் 2021-ல் முன்வந்தது; பாராட்டத்தக்க முடிவு. பாதி உயிரோடு மில்லுக்குத் திரும்பி, ஷிஃப்ட் முடிவதற்குள் உட்கார்ந்துவிடுகிறவருக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லும் நீடித்த கோவிட்டுக்கு இடம் தர முடியும். அதன் அட்டவணையில் 21 குறைபாடுகள் இருக்கின்றன. கடைசியாக, மத்திய அரசு அறிவிக்கும் பிற வகைகளையும் சேர்க்கலாம் என்ற கதவும் திறந்தே இருக்கிறது. சட்டத் திருத்தம் வேண்டாம், ஓர் அறிவிக்கை போதும். அமெரிக்க அரசு 2021 ஜூலையிலேயே நீடித்த கோவிட் ஊனமாகக் கருதப்படலாம் என்று அறிவித்தது. ஸ்காட்லாந்தில் நீடித்த கோவிட்டால் வேலையிழந்த ஓர் ஊழியரை மாற்றுத்திறனாளியாகவே கருத வேண்டும் என்று தொழில் தீர்ப்பாயம் 2022-ல் சொன்னது. இ.எஸ்.ஐ.யில் இல்லாத அமைப்புசாரா தொழிலாளர்களுக்கு இங்கே நல வாரியங்களும் முடக்க ஓய்வூதியமும் இருக்கின்றன. ஆனால் விண்ணப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். சான்றில் எழுத நோய்க்குப் பெயர் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஒதுக்கிய யு09 என்ற குறியீடு 2020 முதலே இருக்கிறது. அதை ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினால்தான் எத்தனை பேர் என்பதே தெரியவரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பணியாளர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும்போது, கோவிட்டுக்குப் பிறகு உடம்பு எப்படி என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்.

காசநோய்க்கும் சர்க்கரைக்குமே கட்டில் போதாத ஊரில் இது ஆடம்பரம் என்று ஒரு வாதம் வரும். கட்டில் கேட்கவில்லை; இங்கே கேட்பது பெரும்பாலும் பதிவும் விடுப்பும்தான். உடம்பு நன்றாக இருப்பவர்களும் இதைச் சாக்காக வைத்து ஏமாற்றுவார்கள் என்பது இன்னொரு வாதம். முதுகுவலியிலும் அந்த வாய்ப்பு இருக்கிறது. அதற்காக முதுகுவலிக்கு விடுப்பு மறுக்கப்படவில்லை. சந்தேகத்துக்கிடமான சான்றுகளைச் சரிபார்க்க இ.எஸ்.ஐ. கழகத்தில் மருத்துவ நடுவர்கள் என்ற பதவியே இருக்கிறது. சோர்வை விசாரிக்கும் முறையையும் அந்தப் பத்து நிமிடச் சோதனையையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, 35-வது நோயைப் பட்டியலில் சேர்க்கும் முடிவைக் கழகம் தன் அடுத்த கூட்டத்திலேயே எடுக்கலாம்.