தொகுப்பு மாறும், கோப்பு என்ன ஆகும்?

2025 அக்டோபர் 3 தேதியிட்ட சுற்றறிக்கையில், தன் அலுவலர்கள் இனி ஜோஹோ ஆபீஸ் தொகுப்பில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் சொல்லிவிட்டது. அந்த மையின் ஈரம் காயும் முன்பே, அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10, ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 மூன்றுக்கும் மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு டிடிபி கடைக்காரர்கள், சர்வீஸ் பார்ப்பவர்கள், சிஓஏ (அலுவலகத் தானியக்கச் சான்றிதழ்) பயிலகம் நடத்துகிறவர்கள் என யார் அழைத்தாலும் ஒரே கேள்விதான்: "சார், இப்ப எதைப் போடறது?"

பதில் சொல்லாமல் நழுவ இந்த இதழுக்கு உரிமை இல்லை. எட்டாம் தலைமுறைக்குக் கீழான இன்டெல் கணினியில், டிபிஎம் 2.0 இல்லாத போர்டில், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தரும் வேலையை வாடிக்கையாளரின் கணினியில் செய்யாதீர்கள். நாளை ஓர் அப்டேட் விழுந்து நின்றால் திட்டு நமக்குத்தான். அந்தப் பழைய ஐ-3 கணினி லினக்ஸும் லிப்ரே ஆபீசும் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். எக்செல்லில் மேக்ரோ எழுதி வைத்து அதன்மேல் கணக்கு நடத்துகிறவர்கள் எக்செல்லிலேயே இருக்கட்டும், அவர்களை இழுக்க வேண்டாம். நாலைந்து பேர் ஒரே கோப்பில் கை வைக்கும் அலுவலகத்துக்கு ஜோஹோ ரைட்டர் நல்ல கருவி. ஆனால் உலாவியில் ஓடும் தொகுப்பை நம்பிக் கடை வைப்பவர், மழை நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இணையம் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜோஹோவின் வளாகம் கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில், நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2005இல் ரைட்டர் வந்த காலம்தொட்டு அதன் வளர்ச்சியைப் பார்த்து வருகிறோம். ஜிஎஸ்டி சாலையோரத்தில் எழுதப்படும் மென்பொருள் தில்லியின் மேசைகளுக்குப் போவதில் நமக்குப் பெருமை உண்டு, அதைச் சொல்லக் கூச்சமும் இல்லை. நம் கவலை தயாரிப்பைப் பற்றியது அல்ல, ஆணை போடுகிறவர்களைப் பற்றியது.

ஒரு தொகுப்பில் செய்த கோப்பை இன்னொன்றில் திறந்தால் ஏன் கலைகிறது என்று இந்த இதழின் வாசகருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கேலிப்ரி எழுத்துரு இல்லாத கணினியில் கார்லிட்டோ வந்து உட்காரும். இரண்டுக்கும் எழுத்தின் அகலம் ஒன்றே என்பதால் ஆங்கிலப் பக்கம் அசையாது. டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் இருக்கிறது. தமிழ் எழுத்துருக்களான லதாவுக்கோ, விஜயாவுக்கோ, நிர்மலாவுக்கோ அப்படி அளவு பிசகாத இணையை யாரும் செய்து தரவில்லை. விண்டோஸில் நிர்மலாவில் அடித்த கடிதம் லினக்ஸில் லோஹித்திலோ நோட்டோவிலோ திறக்கிறது, மேக்கில் இணைமதிக்கோ தமிழ் சங்கத்துக்கோ போகிறது. ஒவ்வொன்றிலும் வரி வேறு இடத்தில் மடிகிறது. முத்திரைத்தாளின் முதல் பக்கத்தில் அடங்க வேண்டிய வாசகம் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிப் போனால் ஆவண எழுத்தருக்கு அது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. இதோடு சைஸ் சிக்கல் ஒன்றும் உண்டு. டாக்எக்ஸ் கோப்பு லத்தீன் எழுத்துக்கு ஓர் அளவையும், தமிழ் போன்ற கூட்டெழுத்து வரிவடிவங்களுக்குத் தனியாக இன்னோர் அளவையும் வைத்திருக்கிறது. லிப்ரே ஆபீஸில் ஸ்டைலைத் திறந்து மேலே இருக்கும் அளவை மட்டும் 14 ஆக்கினால், ஆங்கிலம் பெரிதாகும், தமிழ் பழைய 12லேயே நிற்கும். கூட்டெழுத்து மொழிகளுக்கான சிடிஎல் பகுதியையும் திறந்து மாற்ற வேண்டும்.

இவையெல்லாம் கைக்கு அடங்கும் வேலைகள். எழுத்துருவைக் கோப்போடு பொதித்து அனுப்பலாம், இறுதி வடிவத்தைப் பிடிஎஃப் ஆக்கலாம், ஸ்டைலை ஒருமுறை சரி செய்து டெம்ப்ளேட்டாக வைத்துக்கொள்ளலாம். கைக்கு அடங்காதது ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் அதைத்தான் எழுதி வருகிறோம்: யூனிகோடுக்கு முந்தைய குறியீடுகளான வானவில்லிலும் பாமினியிலும் டேப்பிலும் டாமிலும் அடித்து வைத்த பழைய தமிழ்க் கோப்புகள்.

அவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு சரம். அதன்மேல் தமிழ் முகத்தை மாட்டுவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்து உடைகிறது என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உடைந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், எழுத்துருவைப் போட்டுச் சரி செய்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதுதான் ஆபத்து. பாமினியில் சின்ன 'எஃப்' அடித்தால் க, ஷிஃப்ட்டோடு அடித்தால் கு. 'ஜி' அப்படியே ப, பு. 'கே' ம, மு. இப்போது வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தத்தை நினைத்துப் பாருங்கள். அது அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தின் முதல் எழுத்திலும் கை வைக்கும். கமலா குமலா ஆவார், மணி முணி ஆவார், பட்டா புட்டா ஆகும். அனுபவமுள்ள டிடிபி ஆபரேட்டர் தன் கணினியில் அந்த வசதியை எப்போதோ அணைத்து வைத்திருப்பார். அணைத்ததே அவருக்கு மறந்திருக்கும். தொகுப்பை மாற்றினால் அது மறுபடி விழித்துக்கொள்ளும். புதிய கணினி, புதிய தொகுப்பு, பழைய எழுத்துரு: பட்டியலில் இரண்டு பெயரைச் சேர்க்கப்போய் அந்த இரண்டும் பிழையாகின்றன. எழுத்துரு ஒழுங்காக இருப்பதால் திரையில் எதுவும் உடையவில்லை. பிழை நல்ல தமிழில் பளிச்சென்று நிற்கிறது.

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் இதன் விளைவைக் கல்லிலேயே பார்த்தோம். கோயில் திருப்பணி உபயதாரர் பெயர்களை வெட்ட வேண்டிய கருங்கல் பலகை அது. பட்டியல் பென் டிரைவில் வந்தது, பிரிண்ட் எடுத்துக் கல்மேல் ஒட்டி வெட்டியிருக்கிறார்கள். எழுத்து வெட்டுகிறவர் தாளில் இருப்பதை இம்மி பிசகாமல் வெட்டுவார், அவர் தொழில் அது. மூன்றாம் வரியில் மணி இருக்க வேண்டிய இடத்தில் முணி. ஒரு கால் நீட்டம்தான் வித்தியாசம். கல்லில் அழிப்பான் கிடையாது. பலகை முழுவதையும் மறுபடி தேய்த்து, பளபளப்பு ஏற்றி, முதலிலிருந்து வெட்ட வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்: பிரிண்ட் எடுத்துக் கொடுத்த கடைக்காரர் தலையில்.

கல் பலகையில் பிழை கண்ணில் படுகிறது. அலுவலகத்துக் கோப்பில் யார் பார்ப்பது? 1997இல் செங்கை எம்ஜிஆர் மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019 நவம்பர் 29இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. ஒவ்வொரு பிரிவிலும் மரப் பீரோக்களோடு ஹார்டு டிஸ்க்குகளும் இடம் மாறின. அந்த இடைப்பட்ட ஆண்டுகள்தாம் நம் பகுதியில் தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்த காலம். முதல் தலைமுறைத் தமிழ் ஆவணங்கள் பெரும்பாலும் எழுத்துருக் குறியீட்டில்தான் பிறந்தன. அவற்றில் ஒரு பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது. அகர வரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசையில் நிற்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்தால் குப்பை விழும். பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் அதைப் புரியாத ஆங்கில உச்சரிப்பாகக் கொட்டும். தன் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மானத்தைத் தன் காதால் கேட்க ஒருவருக்கு வழியில்லை. அலுவலகம் உலாவித் தொகுப்புக்கு மாறும்போது இன்னொரு முடிச்சும் விழுகிறது: பிடிஎஃப் ஆக்கும் வேலை சர்வரில் நடந்தால் நம் கணினியின் எழுத்துரு அடைவில் வானவில் இருந்து பயனில்லை, அங்கே இருந்தாக வேண்டும்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமா? 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டேப், டாம் குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. ஆளுக்கொரு குறியீடு என்று அலைந்த காலத்தில் அது நல்ல முடிவு. 2009 நவம்பரில் ஒன்றிய அரசு மின் ஆளுகைக்கு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. 2010 ஜூன் 23 அன்று, கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய அதே நாளில், தகவல் தொழில்நுட்பத் துறையின் அரசாணை எண் 29 வந்தது: யூனிகோடே தரம், அது இயங்காத இடத்தில் மட்டும் டேஸ் 16 என்னும் 16 பிட் தமிழ்க் குறியீடு. இலவச மடிக்கணினித் திட்டத்தில் 2011இல் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாறிக் காட்டியிருந்தது. ஆக, யூனிகோடும் வந்துவிட்டது, மாற்றுத் தொகுப்பும் அரசின் கைக்குப் பழகிவிட்டது.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள். இந்த மாவட்டத்தில் நமக்குப் பழக்கமான எந்த அலுவலகத்துக்கும் பழைய கோப்புகளை மாற்ற ஆள் வந்து நாம் பார்த்ததில்லை, நேரம் ஒதுக்கிப் பார்த்ததில்லை, கெடு வைத்துப் பார்த்ததில்லை. யூனிகோடில் அடித்துக் கொண்டுபோன மனுவை "வானவில்லில் கொண்டாங்க, எங்க சிஸ்டத்துல இது சரியா வரல" என்று திருப்பி அனுப்பிய மேசைகள் உண்டு. அரசாணையின் நகலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியவர்களும் நம் வாசகர்களில் உண்டு. "அதெல்லாம் மேல பேசிக்கங்க" என்பதுதான் பதில். ஆணை போடுவது ஒரு நாள் வேலை. மாற்றி முடிப்பது ஆண்டுக்கணக்கு வேலை, அதற்குப் பணம் வேண்டும், பொறுப்பேற்க ஒரு பெயர் வேண்டும். அந்த இடம் வந்ததும் எல்லா அரசுகளும் கையை உதறிக்கொள்கின்றன. விளைவு, மாற்றும் வேலை ஜெராக்ஸ் கடையின் பின்னறையில், கூலி இல்லாமல், டிடிபி அடிக்கும் பெண்களின் கண்ணையும் கழுத்தையும் வாங்கிக்கொண்டு நடக்கிறது. "அதே மேட்டர்தானே, கன்வர்ட் பண்ணிக் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது அதே மேட்டர் அல்ல.

ஒன்றிய அரசிடமும் நமக்குக் கேள்வி உண்டு. மைக்ரோசாஃப்டின் ஓஓஎக்ஸ்எம்எல் வடிவத்தை உலகத் தரமாக்கும் வாக்கெடுப்பில் 2007இலும் 2008இலும் இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 2010இல் மின் ஆளுகைக்கான திறந்த தரக் கொள்கை வெளியானது. அந்தக் கொள்கை கோப்பின் வடிவத்தைப் பேசியது, எந்த நிறுவனத்தின் தயாரிப்பையும் பேசவில்லை. இப்போதைய சுற்றறிக்கை தயாரிப்பின் பெயரைச் சொல்கிறது. நாளை வேறோர் அமைச்சர் வேறொரு பெயரைச் சொல்வார், நாம் மறுபடி ஐகானை மாற்றிக்கொண்டிருப்போம். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024 ஏப்ரலில் சுமார் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீசுக்கு மாற்றுவதாக அறிவித்தது, ஓடிஎஃப் என்னும் திறந்த கோப்பு வடிவத்தையும் தரமாக்கியது. கோப்பின் வடிவம் உறுதியானால் தொகுப்பு எதுவாக இருந்தாலும் வேலை நடக்கும். தமிழுக்கு அதற்கும் ஒரு படி கீழே போக வேண்டும்: வடிவத்துக்குள் இருக்கும் எழுத்து யூனிகோடாக இருந்தாக வேண்டும்.

ஆகவே இந்த இதழின் நிலை இது. தொகுப்பை மாற்றச் சொல்லும் எந்த ஆணையும், ஒன்றிய அரசு போட்டாலும் மாநில அரசு போட்டாலும், பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் செலவையும் கெடுவையும் அதே தாளில் சொல்ல வேண்டும். யூனிகோடு மனுவைத் திருப்பி அனுப்பும் மேசைக்கு எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று மாற்றுக் கூலியைத் தட்டச்சுக் கூலியிலிருந்து பிரித்து அறிவிக்க வேண்டும். இதையே மனுவாக எழுதித் தகவல் தொழில்நுட்பத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புகிறோம்.

அப்படியோர் ஆணை வரும்வரை மாற்று வேலை எடுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கோப்பு முழுவதையும் அப்படியே மாற்றியில் கொட்டாதீர்கள். ஆங்கிலப் பெயரும் இனிஷியலும் அதனுள் தமிழ்க் குப்பையாகும். எழுத்துருவின் பெயரை வைத்துத் தேடி, அந்த எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். தானியங்கித் திருத்தத்தை முதல் வேலையாக அணையுங்கள். அட்டவணையின் முதல் எழுத்துகளை மூலத்தின் அச்சுப் பிரதியோடு ஒருவர் வாசிக்க இன்னொருவர் பாருங்கள். சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் தனியாக ஒரு சுற்று பாருங்கள், சில எழுத்துருக்களில் சாய்கோடும் அடைப்புக்குறியும் இடம் மாறியிருக்கும். மாற்றிய கோப்போடு பழைய கோப்பையும், அந்த எழுத்துருவில் எடுத்த பிடிஎஃப்பையும் ஒரே அடைவில் வைத்துக் கொடுங்கள். ரசீதில் "எழுத்துரு மாற்றம்" என்று தனி வரி போட்டு, அதற்குரிய கூலியை வாங்குங்கள்.