பேரைக் கெடுத்தது ஜிப் இல்லை, நாம்தான்

டிஸ்கி: கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம்தான். ஆனால் அப்பா அம்மாவின் பத்திரம், போட்டோ, குரல் என்று எதையாவது ஜிப் பண்ணி வைத்திருக்கும் எல்லோருக்கும் பொருந்தும். புரியாத இடம் வந்தால் தாண்டிப் போய்விடுங்கள், கடைசியில் சந்திப்போம்.

நான் இருப்பது புனே. அக்கா தென்காசி. அப்பா போன பிறகு அவருடைய ட்ரங்குப் பெட்டி அக்காவிடம்தான் இருக்கிறது. அதிலிருந்த ஒவ்வொரு தாளையும் மொபைலில் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பேரும் வைத்து, மொத்தம் 412 கோப்புகள் சேர்த்திருந்தாள். அவள் மகன் தன்னுடைய மேக் மடிக்கணினியில் எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி எனக்கு அனுப்பினான். அதில் பாகப்பிரிவினைப் பத்திரம் மட்டும் வக்கீலுக்கு மறுநாள் காலைக்குள் போக வேண்டும்.

என் லினக்ஸ் பொட்டியில் பைத்தானில் மூன்று வரி எழுதி, மொத்தத்தையும் விரிக்கச் சொன்னேன். நூற்றுச் சொச்சம் கோப்புகள் வந்தன, அப்புறம் "பெயர் மிக நீளம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. வந்த கோப்புகளின் பேரைப் பார்த்தால் வயிறு கலங்கியது. கிரேக்க ஆல்ஃபா, கோண மேற்கோள் குறி, ஏதோ ஒரு ஐரோப்பிய எழுத்து, மறுபடியும் ஆல்ஃபா... தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை.

கீழ்வீட்டில் கோயமுத்தூர்த் தம்பி ஒருவர் இருக்கிறார், அவரும் நம்ம தொழில்தான். பார்த்துவிட்டு ரெண்டே நிமிஷத்தில் தீர்ப்பு சொன்னார். "ஜிப்பு கெட்டுப் போச்சுங்ணா. பேரை எதுக்குங்ணா தமிழ்ல வெச்சாங்க? அக்காவ எல்லாத்துக்கும் இங்கிலீஷ்ல பேர் வெச்சு மறுபடி அனுப்பச் சொல்லுங்க."

இந்தப் பதிவு அந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான். அவரைத் திட்டவில்லை. ஏனென்றால் இதே தீர்ப்பை நாலு வருஷம் முன்னால் அக்காவுக்குச் சொன்னவன் நான்.

அப்போது அவள் முதல் தவணையாக 300 படம் அனுப்புவதாகச் சொன்னாள். "அக்கா, பேரை இங்கிலீஷ்ல வை, இல்லேன்னா கம்ப்யூட்டர்ல தகராறு பண்ணும்" என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லி வைத்தேன். வந்தவை ஒன்று, இரண்டு, மூன்று என்று 300 வரைக்கும் வெறும் எண்கள். ஒரு தீர்வை ரசீதைத் தேட எனக்கு இரண்டு ராத்திரி பிடித்தது. போன் பண்ணிக் கத்தினேன். அவள் சொன்னாள், "இங்கிலீசுல எழுத எனக்கு எங்கல தெரியும்? நீதான தமிழ்ல வைக்காதன்னு சொன்ன? அதான் நம்பர் போட்டேன்." அதற்கு மேல் நான் என்ன பேச?

பெட்டியில் எது என்ன தாள் என்று தெரிந்த ஒரே ஆள் அக்கா. அவளுக்குத் தெரிந்ததை எழுதி வைக்க இருந்த ஒரே இடம் அந்தக் கோப்பின் பேர். அதை நான் பிடுங்கிக்கொண்டேன். "இங்கிலீஷ்ல வை" என்றால் அவளைப் பொறுத்தவரை "ஒன்றும் எழுதாதே" என்று அர்த்தம்.

சரி, ஜிப் உண்மையிலேயே கெட்டுப் போயிருந்ததா? இல்லை. ஒரு பைட்கூடக் கெடவில்லை.

பில் கேட்ஸ் என்ற அமெரிக்கர் (மைக்ரோசாஃப்ட்காரர் இல்லை, இவர் வேறு) 1989ல் பிகேஜிப்போடு இந்த வடிவத்தைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து டாஸ் கணினிகளில் எழுத்துக்கு இருந்தது 437 என்ற எண் கொண்ட ஐபிஎம் அட்டவணை, 1981 சரக்கு. மொத்தம் 256 இடம். தமிழுக்கு இடமே கிடையாது. பிறகு 2006ல் ஜிப் விதிமுறையின் 6.3 பதிப்பில் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு கோப்பின் குறிப்பிலும் 11 என்று எண்ணிட்ட ஒரு பிட் இருக்கிறது. அது ஏற்றப்பட்டிருந்தால் பேர் யூடிஎஃப்-8ல் இருக்கிறது என்று பொருள். ஏற்றப்படாவிட்டால் பழைய 437 என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

வினை இங்கேதான். சில மென்பொருட்கள் பேரை யூடிஎஃப்-8லேயே எழுதிவிட்டு, அந்தப் பிட்டை மட்டும் ஏற்றாமல் விட்டுவிடுகின்றன. என் மருமகன் மேக்கில் கட்டிய ஜிப்பும் அப்படித்தான் வந்திருந்தது. பைத்தானின் ஜிப்ஃபைல் நூலகம் விதிப்படி நடக்கிற பிள்ளை. பிட் இல்லையா, சரி 437 என்று படித்துவிட்டது.

அந்த ஆல்ஃபா எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8ல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. 437 அட்டவணையில் 224 என்பது கிரேக்க ஆல்ஃபா, 174ம் 175ம் கோண மேற்கோள் குறிகள். 'அ' என்பது 224, 174, 133. ஆகவே பேர் முழுக்க ஆல்ஃபாவாக ஒரு ஜிப் வந்தால் பயப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். உள்ளே சுத்தமான தமிழ் பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பாதியில் நின்றதற்கும் இதே காரணம்தான். அக்கா வைத்த பேர் "தெற்குத் தெரு வீடு பாகப்பிரிவினைப் பத்திரம் தாத்தா கையெழுத்துடன்". தமிழ்க் குறிகள் 58. இடைவெளியும் ஜேபிஜி என்ற வாலும் சேர்த்து 184 பைட். லினக்ஸில் ஒரு பேருக்குப் பொதுவாக 255 பைட் வரை இடம் உண்டு, தாராளமாக அடங்கும். ஆனால் தப்பாகப் படித்த பேரை வட்டில் எழுதும்போது தமிழ்க் குறிகளின் ஒவ்வொரு பைட்டும் ஒரு தனி எழுத்தாகி, குறைந்தது இரண்டு பைட்டாக வீங்கிவிடுகிறது. 184 குறைந்தது 358 ஆனது. நீளம் என்று சண்டை போட்டது தமிழோடு இல்லை, நூலகம் தப்பாகப் படித்த பேரோடு. தேடிய பத்திரமே அதுதான் என்பது என் ராசி :-)

அடுத்து நான் செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன். ஒரு தாள் வேண்டும் என்பதற்காக ஏன் 412ஐயும் விரித்தேன்? ஜிப்பின் அழகே விரிக்காமல் படிக்கலாம் என்பதுதான். கோப்புகள் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். எது எங்கே இருக்கிறது என்கிற பொருளடக்கம் கடைசியில் இருக்கும். நூலகம் முதலில் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பட்டியல் தரும். வேண்டிய ஒன்றை மட்டும் திறக்கச் சொன்னால் அதை மட்டும் நேரே நினைவகத்தில் விரித்துக் கொடுக்கும். வட்டில் ஒன்றும் எழுத வேண்டாம், பேர் நீளம் என்ற பேச்சே எழாது. யாரோ அனுப்பிய ஜிப்பை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மொத்தமாக விரிக்காதே என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது. 42 கிலோபைட்டில் தொடங்கி அடுக்கடுக்காக விரிந்து 4.5 பெட்டாபைட் ஆகிற ஜிப்பெல்லாம் உலகத்தில் உண்டு.

பேரைச் சரியாகப் படிக்க வழி? 2022ல் வந்த பைத்தான் 3.11லிருந்து, ஜிப்பைப் படிக்கத் திறக்கும்போதே மெட்டாடேட்டா என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று சொன்னால் போதும், பிட் இல்லாத பேர்களையும் அப்படியே படித்துவிடும். பழைய பைத்தான் என்றால், பிட் ஏறாத பேர்களை மட்டும் எடுத்து, 437ன்படி பைட்டாகத் திருப்பி, அதை யூடிஎஃப்-8 என்று மறுபடி படியுங்கள். 437ல் 256 இடமும் நிரம்பியிருப்பதால் போன பைட் அப்படியே திரும்பி வரும். ஒரு பொட்டுகூடச் சிந்தாது. ஜாவாக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அங்கே சொல்லாவிட்டாலும் யூடிஎஃப்-8தான். அதே ஜிப், அதே பைட்டுகள், அங்கே தமிழாகத் தெரிகிறது. கெட்டது ஜிப் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொரு சின்னக் கண்ணி. சில ஜிப்களில் 'கொ', 'கோ' எழுத்துகளின் கொம்பும் காலும் பிரிந்து இரண்டு குறிகளாக வரும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் சிக்காது. தேடும் முன் யூனிகோட் நார்மலைஸ் செய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இங்கிலீஷ்ல வை" என்ற புத்திமதிக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது, அதை மறைக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தமிழ்ப் பேர் கொண்ட கோப்பை அதன் சுருக்கு உறைக்குள் போடவே விடாது, பேரை மாற்று என்று திருப்பி அனுப்பும். அன்றைக்கு வேறு வழியில்லாமல் சொன்னோம். கருவி மாறிவிட்டது, வாய் மட்டும் மாறவில்லை. சில இணையதளங்கள் இன்றும் தமிழ்ப் பேரோடு ஏற்ற விடுவதில்லை என்பீர்கள். ஏற்றுகிற நகலுக்கு மட்டும் இங்கிலீஷில் பேர் வையுங்கள். வீட்டில் இருக்கும் மூலத்தை ஏன் தொட வேண்டும்? தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் என்ன என்பீர்கள். பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். பத்திரத்தை அக்கா ஒருமாதிரி எழுதுவாள், நான் வேறு மாதிரி தேடுவேன்.

எனக்கு எரிச்சல் இதில்தான். ஜெர்மன் க்ளையண்ட் பேரில் எழுத்துக்கு மேல் இருக்கிற ரெண்டு புள்ளி காணோம் என்றால் ராத்திரி பதினோரு மணிக்கு கான்ஃபரன்ஸ் கால். அந்தப் புள்ளி எந்த பைட்டில் தொலைந்தது என்று தோண்டித் துருவி, காலைக்குள் சரி செய்து, மன்னிப்பும் கேட்போம். ஒருத்தராவது "உங்க பேரை மாத்திக்கோங்க சார்" என்று சொல்லியிருப்போமா? அதே பிழை நம் அக்காவின் கோப்பில் வந்தால் மட்டும் வாய் கூசாமல் "பேரை மாத்து". அவளுக்கு டிக்கெட் போடத் தெரியாது என்பதாலா? புனேயிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஆணி பிடுங்குகிற நாம், வீட்டு ஆணியை மட்டும் வளைந்தே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

அன்று ராத்திரி நாலு வரி சேர்த்தேன். 412 பேரும் தமிழில் வரிசையாக வந்து நின்றன. பத்திரத்தை விரிக்காமலேயே எடுத்து வக்கீலுக்கு அனுப்பினேன். பிறகு தூக்கம் வரவில்லை, பட்டியலைப் படித்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு ஒலிக் கோப்பு. அக்கா வைத்திருந்த பேர், "அம்மா பாடுறது, கடைசில அப்பா சிரிக்கிறது கேக்கும்".

நான் சொன்னபடி வைத்திருந்தால் அது வெறும் எண்ணாக இருந்திருக்கும். நான் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.

அதனால் மக்களே, ஊரில் இருக்கிறவர்களிடம் பேரைத் தமிழிலேயே வைக்கச் சொல்லுங்கள், நீளமாகவே வைக்கச் சொல்லுங்கள். படிக்கிற வேலை நம்முடையது, அதற்குத்தான் நமக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். கீழ்வீட்டுத் தம்பி மறுநாள் அந்த நாலு வரியை வாங்கிக்கொண்டு போனார். அவர் அம்மா அனுப்பிய ஜிப் ஒன்று மூன்று வருஷமாகத் திறக்கப்படாமல் கிடக்கிறதாம்.